மேஜரின் தேநீரும் என் வலது கையும்

என் இடது முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. பட்டாளத்தில் இருந்தபோது பட்டது. இந்த அளவுக்குச் சொல்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது. "எந்த எல்லையில சார்?" என்று யாராவது மரியாதையோடு கேட்கும்போதுதான், காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோவில்பதாகை எல்லையில். எதிரி, ஒரு மணல் குவியல்.

அறுபதுகளின் கடைசி. ஆவடியில் ஒரு ராணுவக் கிடங்கில் சிப்பாயாக இருந்தேன். மாமனார் வீடு கோவில்பதாகையில். முகாமிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். (மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே தேசத்தைக் காத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) மனைவி சரோஜா மூன்று மாதக் கர்ப்பம். அந்த நேரம் பார்த்து நோட்டீஸ் பலகையில் ஒரு தாளை ஒட்டினார்கள். மாதக் கடைசியில் பன்னிரண்டு பேர் வடக்கே, பனி மலைக்கு. ஏழாவது பெயர் என்னுடையது.

சரோஜாவிடம் சொன்னேன். அழுதிருந்தால் ஏதாவது தேறுதல் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை.

"புள்ள பொறக்கசொல்ல நீ இங்க இருக்கணும்யா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அணிவகுப்பில் ஹவில்தார் ஓர் அறிவிப்பு செய்தார். திருநெல்வேலிக்காரர், மீசை அவருக்கு முன்னால் வரும். முகாமுக்குத் தபால் எடுத்துப்போக மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஓர் ஆள் வேண்டுமாம். பரீட்சையில் தேறுகிறவன் வடக்கே போக வேண்டாம், ஆவடியிலேயே இருக்கலாமாம். யாருக்கு ஓட்டத் தெரியும் என்று கேட்டார். என் வலது கை உயர்ந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அதுவரை ஓட்டியிருந்ததெல்லாம் வாடகை சைக்கிள். அதிலும் இறங்குவது எனக்கு அவ்வளவாக வராது.

காப்பாற்ற வந்தவன் முனுசாமி. அம்பத்தூர்க்காரன், எங்கள் வண்டிப் பட்டறையில் மெக்கானிக். மூன்று நாள் சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் பாடம் நடத்தினான். வண்டியை வெளியே எடுக்க அனுமதி இல்லாததால், ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, மேலே உட்கார்ந்து ஓட்டினேன். கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர் எல்லாம் படிந்துவிட்டன. மூன்றே நாளில் டெல்லி வரை போய்த் திரும்பியிருப்பேன், ஓர் அடி நகராமல்.

ரோட்டில் எப்படி ஓட்டுவது என்று கேட்டேன்.

"அதே தான் மாமே. இங்க நீ சும்மா குந்திகினு கீறே. அங்க ரோடு நவுரும், அவ்ளோதான்."

"நிறுத்தறது?"

"இங்க நின்னுச்சில்ல? அங்கியும் நிக்கும்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பரீட்சை நாள். மைதானத்தை மூன்று சுற்று சுற்றி, சுண்ணாம்புக் கோட்டில் வந்து நிறுத்த வேண்டும். வேப்பமரத்தடியில் மேஜர் நின்றிருந்தார். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, இன்னொரு கையில் மதிப்பெண் அட்டை. நான் வண்டியை உதைத்துக் கிளப்பினேன். ஸ்டாண்டை எடுத்தார்கள். முனுசாமி சொன்னது சத்தியம், ரோடு நகர்ந்தது.

முதல் சுற்றில் மேஜரை நெருங்கினேன். தோளில் இருந்த சின்னம் கண்ணில் பட்டது. உடனே என் வலது கை, சகலத்தையும் விட்டுவிட்டு, நெற்றிக்கு ஏறி சல்யூட் அடித்தது.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று: வண்டியில் போகிறவன் கையை எடுக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும் என்று ஒரு விதி உண்டு. அது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. இரண்டு: அந்தக் கால வண்டியில் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுக் கையை எடுத்தால் அது திரும்பி வராது. விட்ட இடத்திலேயே நிற்கும். வண்டியும் விட்ட வேகத்திலேயே போகும்.

சரி, கையை இறக்கித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். பயிற்சி முகாமில் எங்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத், அதிகாரி பதில் சல்யூட் வைக்கும்வரை கையை இறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒருமுறை இறக்கியதற்கு, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க ஓடியிருக்கிறேன். மேஜரோ அட்டையில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. பதில் வரவில்லை. நான் கையோடு இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டேன்.

இரண்டாவது சுற்றில் பார்த்தார். ஆனால் ஒரு கையில் தேநீர், இன்னொரு கையில் அட்டை. எதைக் கீழே போடுவது என்று அவர் யோசிப்பதற்குள் நான் தாண்டிவிட்டேன். ஹவில்தார் பக்கவாட்டில் ஓடி வந்தார்.

"ஏலே, கைய எறக்குல!"

"சார் இன்னும் வைக்கல சார்!"

மூன்றாவது சுற்றில் மேஜர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். பெரிய மனுஷர். எனக்கு வந்த சந்தோஷத்தில் கையை இறக்கி, ஆக்சிலேட்டரைப் பிடித்து, ஒரே திருகாகத் திருகிவிட்டேன்.

சுண்ணாம்புக் கோடு எனக்குக் கீழே எப்போது போனது என்று தெரியாது. கேட்டில் காவலுக்கு நின்றவன், இவ்வளவு வேகத்தில் கண்ணைக்கூட இமைக்காமல் வருகிறவன் அவசரத் தபால்தான் கொண்டுபோகிறான் என்று முடிவு கட்டி, குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டான். (கண் இமைக்காததற்குக் காரணம் வேறு.) பிரேக் என்று நினைத்து நான் மிதித்ததெல்லாம் கியர். தினமும் சைக்கிளில் போகிற வழி என்பதால் கைகள் தாமாகவே திருப்பத்தில் திரும்பின. கோவில்பதாகை தெருக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அதில் சரோஜாவும் இருந்தாள். "அதோ, எங்கூட்டுக்காரரு" என்று பக்கத்தில் நின்றவளிடம் பெருமையாகக் காட்டினாளாம்.

மாமனார் சுவர் எடுப்பதற்காகத் தெருவில் மணல் கொட்டி வைத்திருந்தார். வண்டி அதில் ஏறி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. கொத்தனார் குழைத்து வைத்திருந்த கலவைக்குள் போய் விழுந்தேன்.

சரோஜா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா, லீவு குட்த்தாங்களா?"

ம் என்றேன். வாயில் கலவை.

பரீட்சையில் தோற்றேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முன்பக்க ஃபோர்க் வளைந்து, விளக்கு நொறுங்கியிருந்தது. அரசாங்க வண்டி. என்கொயரி என்று ஒரு விசாரணை வைத்தார்கள். விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவனை ஆவடியை விட்டு அனுப்பக் கூடாதாம். மாதக் கடைசியில் பதினோரு பேர் ரயில் ஏறினார்கள். நான் பட்டறையில் முனுசாமிக்குக் கீழே கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் ஏன் கையை இறக்கவில்லை என்று கேட்டார்கள். அதிகாரி பதில் வைக்கவில்லை என்றேன். ஏன் வைக்கவில்லை என்று எழுத வேண்டுமானால், மேஜரின் தேநீரைக் கோப்பில் ஏற்ற வேண்டும். அதை எழுத ஒருவருக்கும் பேனா வரவில்லை. கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்தது. முனுசாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, "ஸ்டாண்டு மேல நல்லா ஓட்னான் சார்" என்று எனக்காகப் பரிந்து பேசினான்.

ஏழு மாதம். சரோஜாவுக்கு வலி எடுத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் இருந்தேன். பெண் குழந்தை. பார்க்க வந்த முனுசாமி, துணிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, என்கொயரி சோக்கா கீது" என்றான். அடுத்த வாரம் கோப்பு மூடப்பட்டது. எந்த இயந்திர வாகனத்தையும் நான் இனித் தொடக் கூடாது என்ற உத்தரவோடு வடக்கே போனேன். பனி மலையில் இரண்டு வருஷம் கம்பளி மடித்தேன்.

மகளுக்கு விஜயா என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்று சரோஜா படபடப்பில், "என்கொயரி, காபி எடுத்துகினு வாம்மா" என்று குரல் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறி, பொண்ணு மேலே ஏதாவது கேஸ் இருக்கிறதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் கூடத்தில் வைத்துச் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டியது. அப்போதே சம்பந்தம் கைகூடிவிட்டது என்று தெரிந்துவிட்டது.

போன வாரம் அதே மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்து, விஜயாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்றார். சரோஜா வாசலுக்குப் போய்த் தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தாள்:

"இருவத்திரண்டு வருசம் கழிச்சி தீர்ப்பு வந்துகீதுடி. ஆம்பளப் புள்ள!"

பையனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இனி வைத்தும் பிரயோஜனம் இருக்கும் என்று தோன்றவில்லை.