டீசல் காரில் பெண் பார்க்கப் போனேன்

டீசல் இஞ்சின் மேல் எனக்கிருந்தது ஆசை இல்லை, பைத்தியம். இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு இத்தனை வருடமாயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவில், திகாம் பத்து என்ற ஊரில் மெக்கானிக். வயது முப்பத்திரண்டு. அப்பா, அம்மா காலமாகிவிட்டார்கள்; கூடப்பிறந்தவர்கள் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு சிவப்புக் கார்தான். இரண்டே கதவு, தாழ்ந்த உடம்பு, நிற்கும்போதே பந்தயத்துக்குக் கிளம்புவது போலிருக்கும். அதன் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழைய வேனின் டீசல் இஞ்சினை மாட்டியிருந்தேன். (சிரிக்காதீர்கள், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.) வேகம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் இழுவை இருக்கிறதே, மேட்டில்கூட கியர் மாற்ற வேண்டாம்! எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்தத் தடதட சத்தம். வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு அது பெரிய துணை.

ஸ்டார்ட்டர் மட்டும் செத்துப்போயிருந்தது. (மெக்கானிக்காம், வெட்கக்கேடு!) இஞ்சினை அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ள எனக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தக் காரில்தான் கோலா கெடாவுக்குத் தனியாகப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா அந்தோணி, படகிலிருந்து மீன் வாங்கி எஸ்டேட்டுகளில் விற்பவர். இஞ்சின் சத்தம் கேட்டதும் படகு வந்து நிற்கும் ஜெட்டிக்கு முதலில் ஓடுகிறவருக்குத்தான் நல்ல மீன். நான் வீட்டின் பின்புறம், ஆற்றங்கரை நிழலில் காரை ஓடவிட்டபடி நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"படகு வந்திருச்சு!" என்று உள்ளே ஒரு கத்தல். அந்தோணியும் மகனும் கூடையோடு என்னை இடித்துக்கொண்டு ஓடினார்கள். பெண்ணின் அம்மா அடுப்படியில் இருந்தார். கூடத்தில் நான் மட்டும். பெண் ரீத்தாதான் தேநீர் கொண்டுவந்தாள்.

"காடிய ஏன் ஆஃப் பண்ணல அண்ணே?" (அண்ணே! பெண் பார்க்க வந்தவனை!)

"பண்ணா தள்ளணும்."

"கூட யாரும் வரலையா?"

"எனக்கு யாரும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வெறுங்கூடையோடு திரும்பிய அந்தோணி விஷயம் தெரிந்து சிரித்தார். "அலாமாக்! ஒங்க காடியா தம்பி?" பேச்சு நன்றாகவே போனது. கொஞ்ச நேரத்தில் சத்தம் இரட்டிப்பானது.

"அப்பா, படகு!" என்றான் மகன்.

"உக்காருடா, நம்ம மாப்பிள்ள காடி லா அது."

நம்ம மாப்பிள்ளை! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அது நிஜமாகவே படகு. அந்தோணி போய்ச் சேர்வதற்குள் அத்தனை மீனையும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார். "மொதல்ல அந்த எழவ ஆஃப் பண்ணுய்யா!" என்று அந்தோணி கத்திக்கொண்டே திரும்பினார். பயத்தில் ஓடிப்போய் அணைத்தேன். அப்புறம் என்ன, என்னை அனுப்பிவைக்கக் குடும்பமே சேர்ந்து காரைத் தள்ளியது, ரீத்தாவும்தான். என் காரை அத்தனை பேர் தொட்டது அன்றைக்கு ஒருநாள்தான். இஞ்சின் பிடித்ததும் இறங்கி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நிறுத்தினால் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் அப்படியே போய்விட்டேன், முட்டாள்.

ரீத்தாவை வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் இன்றும் படகுச் சத்தம் கேட்டால், "மாப்பிள்ள வந்துட்டாரு!" என்று பேரப்பிள்ளைகள்வரை சிரிப்பார்களாம். மீன் வாங்கப் போன நண்பர் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. கடைசிவரை கல்யாணமாகாத எனக்கு மாமனார் வீடு என்று இருப்பது அது ஒன்றுதான்.