திருநீறு தொட்ட பந்து

பந்து எறிகிறவனுடைய பெருமையெல்லாம் பந்து கையை விட்டுப் போகும்வரைதான். பேஸ்போல் குழுக்கள் ஒவ்வொன்றாக என்னை வெளியே அனுப்பிய பிறகு எனக்கு வந்த ஞானம் இது.

ஊரில் கிரிக்கெட் விளையாடிய கை என்று சொல்லித்தான் இந்த நாட்டுக்கு வந்து முதலில் ஒரு பேக்கரியின் குழுவில் சேர்ந்தேன். ஓடிவந்து எறிந்தேன். பேஸ்போலில் நின்ற இடத்தில் நின்றே எறிய வேண்டுமாம். அனுப்பிவிட்டார்கள். அடுத்து, வேலை செய்த தொழிற்சாலையின் குழு. அங்கே ஒருவரை ஒரு பந்தையும் தொடவிடாமல் வெளியேற்றியதுதான் என் வாழ்நாள் சாதனை. (அந்த மனுசனுக்கு அப்போதுதான் கண் ஒப்பரேஷன் முடிந்திருந்தது என்று என் மனைவி இன்றும் சொல்வார்.)

கடைசியாக, நாங்கள் குடியிருக்கும் மோர்னிங்சைட் பகுதித் தமிழ்ப் பெடியளின் குழு. கப்டன் ஜெகன் மரியாதையான பிள்ளை. ஆனாலும் அன்று காலை சொல்லிவிட்டான்.

"அண்ணை, இண்டைக்கும் சரிவராட்டி இனி நீங்கள் மட்ச் பாக்க மட்டும் வாங்கோ."

மனைவியும் மகளும் முதன்முதலாகப் பார்க்க வந்திருந்த நாள் வேறு.

எறிகிற மேட்டில் ஒரு தூள் பை கிடக்கும். வியர்த்த கை வழுக்காமலிருக்க அதைத் தட்டிக்கொள்வார்கள். வெறும் தூளுக்கே இவ்வளவு சக்தியென்றால் முருகன் கோயில் திருநீற்றுக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்தேன். (என் யோசனைகள் எல்லாம் இந்தத் தரம்தான்.) சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கை முழுக்கத் தேய்த்தேன். முருகா என்று கையை ஓங்கினேன்.

திருநீறு கையை வழுவழுப்பாக்கும் என்பது நெற்றியில் மட்டும் பூசுகிறவனுக்கு எப்படித் தெரியும்? பந்து பக்கவாட்டில் எழும்பிப் போய், மகளின் மடியில் திறந்திருந்த மரக்கறி ரோல்ஸ் பெட்டிக்குள் விழுந்தது.

அம்பயர் வந்து என் கையை மணந்து பார்த்தார். அவர் மூக்கும் வெள்ளையானது. "ஹோலி ஆஷ், சேர்" என்றேன். அந்தப் பைத் தூளைத் தவிர கையில் வேறெதையும் பூசி எறியக்கூடாதாம். வெளியே போகச் சொல்லி விரலைக் காட்டினார்.

ஜெகன் பக்கத்தில் வந்தான். ஏசப்போகிறான் என்று தலையைக் குனிந்தேன். அவனும் குனிந்தான்.

"மிச்சம் கிடக்கோ அண்ணை? எனக்கும் கொஞ்சம் பூசிவிடுங்கோ."

அன்று நாங்கள் வென்றோம். அதனால் இன்றும் குழுவில் இருக்கிறேன். ஒவ்வொரு மட்சுக்கு முன்னும் எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசுவது என் பொறுப்பு. பந்துக்குக் கிட்டப் போகக்கூடாது என்பது ஒப்பந்தம்.

வீட்டில் யார் கையிலிருந்து எது நழுவினாலும், "திருநீறு தொட்டனீங்களோ?" என்று மகள் கேட்பாள். போன மாதம் கோயிலில் ஐயரின் கையிலிருந்து தேங்காய் நழுவியது. அவள் வாயைத் திறக்குமுன் நான் பொத்திவிட்டேன்.