அடுப்பைத் தொட்டுப் பார்த்த ரைட்டர்

அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவில் எத்தனை வீடுகள் கைமாறினவோ, அத்தனை வீட்டு அடுப்பிலும் கைவைத்துப் பார்த்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் அடுப்படி ரைட்டர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே நினைவிருந்ததோ என்னவோ. ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில், வேப்பமரத்தடியில் சாய்மேஜை போட்டுப் பத்திரம் எழுதுவது தொழில். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மூலப்பத்திரம் இருக்குதுங்க. வில்லங்கம் பாத்தாச்சுங்க. பொதுச்சுவத்துக்குப் பக்கத்து ஊட்டுக்காரரும் ஒத்துக்கிட்டாருங்க" என்று வாங்க வந்தவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். ரைட்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"அடுப்பு பாத்தீங்களா?"

பார்த்திருக்க மாட்டார்கள். உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "கூட்டுக் குடும்பத்து ஊட்டை ஒருத்தன் கையெழுத்துப் போட்டு வித்துருவான். உள்ளே ஒலை வெச்சுச் சோறாக்கறவங்களைக் கேக்கவே மாட்டான். நாளைக்கு அவங்க கோர்ட்டுக்குப் போனா வாங்கினவனுக்குத்தானுங்க தலைவலி" என்பது அவர் கட்சி. ஒருமுறை வெறும் மாட்டுத் தொழுவம் வாங்கியவருக்குக்கூட இந்தச் சோதனை நடந்தது. காவல்காரர் கூழ் காய்ச்சிய மூன்று கற்களைக் கண்டுபிடித்து, அவரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்த பிறகுதான் பேனாவைத் தொட்டார்.

நான் ஆட்டையாம்பட்டியில் வீடு வாங்கப்போய் இவரிடம் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தறி நெசவு. விற்கிறவர் கோயமுத்தூர் மில்லில் வேலை கிடைத்துப் போகிறவர். வீட்டின் பின்பக்கம் நீளமாக ஓர் அறை. அதில் இரண்டாவது தறி போடலாம் என்று மனசுக்குள் தறிக்குழியே வெட்டிவிட்டேன்.

பத்திரம் பதிகிற அன்று காலை ரைட்டர் வீட்டுக்குள் நுழைந்தார். முன்கட்டு அடுப்பைத் தொட்டார், தலையாட்டினார். பின்னறைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். நான்கு சுவரில் ஒரு சுவருக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு. அதன் கீழே தரை புதிதாக மெழுகியிருந்தது. குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.

"ஏனுங்க, தரைக்குக் காச்சலா? இப்பிடிச் சுடுது?"

விற்கிறவர் முகம் வெளுத்தது. பிறகு மெல்லச் சொன்னார்: செத்துப்போன அண்ணனின் சம்சாரம் அந்த அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு வருகிறார். பிள்ளை இல்லை. தம்மம்பட்டியில் பிறந்த வீடு இருக்கிறது, அங்கே போய்விடுவார். இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறார்.

"வரட்டும்" என்றார் ரைட்டர். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. நல்ல நேரம் போய் ராகுகாலம் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் வந்தார். ரைட்டர் அப்போதுதான் எழுந்தார்.

"ஊட்டை விக்கிறாங்க. உங்களுக்குச் சம்மதங்களா?"

"கொழுந்தனுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதமுங்க."

"அது அவரு சம்மதம். நான் உங்களைக் கேட்டேனுங்க."

அந்த அம்மாள் புதுச் சுண்ணாம்புச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "தம்மம்பட்டியில இப்ப யாருமில்லீங்க" என்றார் கடைசியில். "இந்த அடுப்பு ஒண்ணு இருந்தாப் போதுமுங்க."

ரைட்டர் என் பக்கம் திரும்பினார். "இவங்க உசுரோட இருக்கற வரைக்கும் இந்த அறை இவங்களுதுன்னு சேத்து எழுதறேன். ஆகுமுன்னா வாங்குங்க. ஆகாதுன்னா வேற ஊடு பாருங்க."

எனக்கு என் தறி கண்முன் வந்தது. ஆனால் அந்த அம்மாளின் விரல் நகங்களில் அடுப்பு மண் ஒட்டியிருந்தது. தன் அடுப்பைத் தானே இடித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

"எழுதுங்க" என்றேன்.

"அடுப்பில்லாம எப்பிடி எழுதறது?" என்றார் ரைட்டர். பதிவுக்கென்று கட்டிய புதுவேட்டியை மடித்துக்கொண்டு விற்கிறவர் களிமண் குழைத்தார். "சட்டி உக்கார்ற அந்தக் குமிழ் தாழ்வா இருக்குது, ஏத்துங்க" என்று குடைநுனியால் காட்டியபடி மேற்பார்வை செய்தார் ரைட்டர். மறுநாள்தான் பத்திரம் பதிந்தோம்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நேரே பின்னறைக்குப் போவார், அடுப்பைத் தொடுவார், "சூடு இருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார். அந்த அம்மாள் பல வருஷம் எங்களோடு இருந்தார். என் பிள்ளைகளுக்கு அந்த அறைச் சோறுதான் ருசி.

அந்த அம்மாள் காலமான பிறகு ரைட்டர் துக்கம் கேட்க வந்தார். ஆறிக்கிடந்த அடுப்பின்மேல் கைவைத்தார், எடுக்கவில்லை. அந்த மனிதர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். "இனி அறை உங்களுதுங்க. தறி போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போடவில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அவர் வருகிறார் என்று காதில் விழுந்தால், என் மனைவி ஓடிப்போய் அந்த அடுப்பில் ஒரு செம்பு வெந்நீர் வைத்துவிடுவாள்.

வருவார், தொட்டுப் பார்ப்பார். "சூடு இருக்குது" என்பார்.

"ஆமாங்க" என்பேன்.