கொசுவும் ஏழாவது டியூபும்

எங்கள் டவுன்ஷிப்பில் கொசு குத்தாத கையே கிடையாது. பறக்கிற கொசுவைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்த மனிதரைச் சொல்கிறேன். பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரர். நிஜப் பெயர் அவர் வீட்டிலாவது யாருக்காவது ஞாபகம் இருந்தால் சரி.

அவருக்கு முகம் நினைவில் நிற்காது, நரம்புதான் நிற்கும். மார்க்கெட்டில் வணக்கம் சொன்னால் முழங்கையைப் பார்த்துவிட்டுத்தான், “அட, பிளாக் பதினொண்ணு சாரா!” என்பார். ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையின் கையைத் தடவி, “நரம்பு பிரமாதம், பொண்ண தைரியமா குடுங்க” என்றார். பெண்ணின் தகப்பனார் அதற்கப்புறம்தான் சிரித்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். கொசு வந்தார், எடுத்தார். மறுபடி வந்தார், எடுத்தார். நான் எதையும் எண்ணுகிறவன். ஏழாவது டியூபைக் கண்டதும் வாசலை மறித்தேன்.

“யோவ், அவ ஒடம்புல ரத்தம் மிச்சம் இருக்கணுமா, வேணாமா?”

“நீங்க எண்ணிக்கினு இருங்க சார், நான் எடுத்துக்கினு போயிடறேன்.”

கட்டிலிலிருந்து ஈனக்குரல் வந்தது. “ஏங்க, வழிய விடுங்க.”

டாக்டரம்மா விளக்கினார். இந்த மாதிரித் தொற்றில் இதயம் திடீரென்று தாளம் தப்பித் துடிக்கலாம். தொற்றின் வேகத்தையும் இதயத்தின் சிரமத்தையும் காட்டும் சில அளவுகள் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் அந்த ஆபத்து அதிகம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டியே காவல் போட்டு வைக்கலாம். ஏறுகிறதா என்று தெரிய, திரும்பத் திரும்ப எடுத்துத்தான் ஆகவேண்டும்.

விலகினேன். அவள் நரம்பெல்லாம் சுருங்கிக் கிடந்தது. கொசு அந்தக் கையைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டே, “ஏம்மா, உங்க வூட்டுப் பலாவுல இந்த வருஷம் எத்தினி காய்?” என்றார்.

“அவரக் கேளுங்க, தெனம் எண்ணுறாரு.”

அதற்குள் டியூப் நிறைந்திருந்தது.

அளவு ஏறியிருந்தது. அதன்பிறகு நர்ஸ் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. மறுநாள் காலை மானிட்டரில் கோடு தாறுமாறாகத் துள்ளியது. நான் கத்த வாய் திறப்பதற்குள் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் கோடு ஒழுங்குக்கு வந்தது.

வார்டுக்கு மாற்றிய அன்று கொசு எட்டிப் பார்த்தார். கையில் டியூப் இல்லை. வழக்கம்போல அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். “நரம்பு எழும்பிடிச்சு சார். இனிமே பயமில்ல.”

போன வருஷம் ரிடையராகிவிட்டார். இப்போது லேபில் ஒரு சின்னப் பெண். சென்ற வாரம் மனைவியின் பரிசோதனைக்குப் போனோம். ஒரே குத்து, ஒரே டியூப். “முடிஞ்சிடுச்சு தாத்தா” என்றது.

எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஒண்ணு போதுமாம்மா? இன்னொண்ணு எடுத்துக்கோயேன்” என்றேன்.