வாத்துக்குப் போட்ட இலை

புது மருமகள்கள் மனிதர்களுக்குச் சமைத்துக் கெட்ட பெயர் வாங்குவார்கள். நான் வாத்துக்குச் சமைத்து வாங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்திலிருந்து பெருமுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். நான் டவுனில் வளர்ந்தவள். (எங்கள் வீட்டில் வளர்ந்த ஒரே பிராணி என் தம்பி.) நான் பள்ளிக்கூடம் போகும்போதே அம்மா போய்விட்டாள். அதனால் கல்யாணம் நிச்சயமானதும், புருஷன் எப்படி இருப்பார் என்பதைவிட மாமியார் எப்படி இருப்பார் என்றுதான் அதிகம் யோசித்தேன். (இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.)

அத்தை நல்லவர்தான், சிடுசிடுப்பெல்லாம் கிடையாது. ஆனால் நான் எதிரிலேயே நிற்கும்போது, "விழுப்புரத்துப் பொண்ணு காபி குடிச்சிச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். விருந்துக்கு வந்தவளை விசாரிக்கிற மாதிரி இருக்கும். வாய் நிறைய 'வாம்மா' என்று ஒரு தடவை கூப்பிட வைத்துவிடவேண்டும் என்பதுதான் அப்போது என் வாழ்க்கை லட்சியம்.

அந்த வீட்டில் காவலுக்கு நாய் கிடையாது, சீமை வாத்துதான். நீண்ட கழுத்தும் வெள்ளை உடம்புமாகப் பெரிய ஜாதி. புது ஆள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடும், பாம்பை அண்டவிடாது. (என்னையும் ரொம்ப நாள் அண்டவிடவில்லை.) அது நான்கு குஞ்சு பொரித்த கையோடு நரி அதைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் சமயம் பார்த்து நாத்தனாருக்குப் பிரசவத்தில் சிக்கல் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தையும் துணைக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்போது என் பக்கம் திரும்பி, "குஞ்சுங்கள பாத்துக்க. காலைல வரப்புல ஓட்டினு போயி மேய உடு. சாயங்காலம் கொஞ்சம் தவிடு பெசஞ்சி வை. அவ்ளோதான்" என்றார்.

அந்த வீட்டில் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொறுப்பு. விடுவேனா?

தாயில்லாப் பிள்ளைகளுக்குப் புல்லும் தவிடுமா என்று எனக்கு மனசே கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சரிவிகித உணவுக்குப் படம் வரைந்து நல்ல மார்க் வாங்கியவள் வேறு நான். காலையில் வெல்லம் போட்ட கேப்பைக் கூழ், மதியம் வேகவைத்த முட்டையும் ஊறவைத்த மல்லாட்டைப் புண்ணாக்கும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை), சாயங்காலம் பாலில் நனைத்த இட்லி. தட்டில் வைத்தால் தட்டு வழுக்கிக்கொண்டு போகிறதே என்று ஆளுக்கொரு வாழை இலைத் துண்டு போட்டேன். "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் நான்கும் வந்து வரிசையாக இலை முன்னால் உட்காரும். வரப்புப் பக்கமே ஓட்டவில்லை, நரி வந்துவிட்டால் அத்தைக்கு யார் பதில் சொல்வது? மாமனார் மட்டும் தினமும் கொல்லையை எட்டிப் பார்த்து, "இன்னா, மாப்ள விருந்து நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு மாசத்தில் நான்கும் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டன. நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடும். புல்லைக் காட்டினால் புல்லை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. இறக்கைகள் வேறு நுனியில் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சோம்பல் முறிக்கின்றன என்று நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாயும் சேயும் நல்லபடியாக வீடு வந்தார்கள். பிள்ளையைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு நாத்தனாரின் புகுந்த வீட்டுச் சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். "ஒரு கொறையும் வரக்கூடாது" என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். குஞ்சுகளை வைக்கோல் கொட்டகையில் விட்டு நான்தான் படலைச் சாத்தினேன். (சாத்தினேன், கட்டவில்லை.) வாசலில் பந்தல் போட்டு, இலை போட்டு, பரிமாறியும் ஆயிற்று. மாமனார் பெருங்குரலில், "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார்.

அவ்வளவுதான். மனிதர்கள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் நான்கும் ஆடி அசைந்து வந்து முதல் வரிசையில் ஆளுக்கொரு இலை முன்னால் உட்கார்ந்துவிட்டன. சம்பந்தியம்மாவுக்கென்று போட்டிருந்த தலைவாழை இலையில் உட்கார்ந்தது நான்கிலும் பெரியது. பாயசத்தில் ஆரம்பித்து வடைக்குப் போயிற்று. கீரைப் பொரியலை மட்டும் அலகால் ஓரத்துக்குத் தள்ளி ஒதுக்கியது.

சம்பந்தியம்மா இடுப்பில் கை வைத்தார். "வாத்துக்கு எல போட்டு ஒக்கார வெக்கிறது எந்த ஊரு பழக்கம்?"

'விழுப்புரத்துப் பொண்ணு பண்ண வேலை' என்று அத்தை வாயிலிருந்து வரப்போகிறது, அதோடு என் கதை முடிந்தது என்று நின்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "எங்கூட்டு பழக்கந்தான் சம்பந்தி. தாயில்லாத புள்ளைங்க, அதுங்களுக்குப் போட்டுட்டுத்தான் நாங்க துன்றது. நீங்க இப்பிடி வாங்க, வேற எல போடறேன்" என்றார். சம்பந்தியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு இலைக்குப் போய் உட்கார்ந்தார்.

எல்லாரும் போனபிறகு அத்தை ஒரு குஞ்சைத் தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்தார். "புல்லே காட்டலியா? இப்பிடிக் கொழுக்கக் குடுத்தா ரெக்க கோணிக்கும்னு தெரியாதா?"

"தாயில்லாம இருக்குதுங்களேன்னுதான் அத்த…" என்றேன். அழுதுவிட்டேன். வாத்துக்காக அழுகிறேன் என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை குஞ்சைக் கீழே விட்டார். பிறகு மாமனாரின் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்தார். "இங்க வாம்மா. கெட்டியா புடி, கட்டலாம்" என்றார்.

இறக்கையைப் பிடித்துக்கொண்டு நான் இன்னும் அதிகமாக அழுதேன்.

அதற்கப்புறம் தினமும் நாங்கள் இரண்டு பேருமாக அவற்றை வரப்புக்கு ஓட்டிக்கொண்டு போனோம். பசி வந்ததும் புல்லும் கீரையும் தானாக இறங்கின. போகிற வழியில் அத்தை மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து அவற்றுக்குப் போடுவார். நான் முறைத்துப் பார்த்தால், "இதுங்க ஆத்தாளுக்கும் நான் இப்பிடிப் போட்டுக்கினுதான் இருந்தேன். மாமாகிட்ட சொல்லிடாத" என்பார். மூன்றுக்கு இறக்கை நேராயிற்று. பாயசம் குடித்தது மட்டும் கோணல் இறக்கையோடு ரொம்ப வருஷம் இருந்தது. சம்பந்தியம்மா வந்தால் மட்டும் கத்தவே கத்தாது.

நான் உண்டானபோது அத்தை என் இலையில் முதலில் கீரையை வைத்தார். "மொதல்ல இதத் துன்னும்மா, இல்லாட்டி ரெக்க கோணிக்கும்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கீரையை ஒதுக்குகிற எல்லாருக்கும் அதே வசனம்தான். பிள்ளைகளுக்குச் சொன்னோம், மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லியாயிற்று.

இப்போது அத்தைக்கு நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். நேற்றும் கீரைச் சோற்றுக்கு வாயை இறுக மூடிக்கொண்டார். "துன்னுங்க அத்த, ரெக்க கோணிக்கும்" என்றேன். அத்தை வாயைத் திறக்காமலே முழங்கையை மடக்கி, அந்த வாத்து மாதிரி வெளியே நீட்டிக் காட்டினார்.