அம்மோனைற்றும் அரை மூடி வினாகிரியும்

உலகத்தில் விட்டுவிடத் தெரியாதவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாத ஆட்கள் இல்லை. தேத்தண்ணி சரியாக இருக்கும்போதே இன்னொரு கரண்டி சீனி போடுகிறவர், நேராகத் தொங்குகிற படத்தை நேராக்குகிறவர், தலைமயிர் வெட்டி முடிந்த பிறகு காதோரத்தில் "இதை மட்டும்" என்று தொடங்கி உங்களை அரை மொட்டையாக வீட்டுக்கு அனுப்புகிற சலூன்காரர், எல்லாரும் இந்த இனத்தின் கிளைகள்தான். ஆனால் அவர்களெல்லாம் கலப்படம். அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் வீட்டிலே அம்மோனைற் துப்புரவாக்குகிற ஒருவரைப் பார்க்க வேண்டும். அவர் என் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். எனக்கு வாய்த்தது அப்படி.

அம்மோனைற் என்றதும் பயப்பட வேண்டாம். நம் மீன்சந்தையில் கிடக்கிற கணவாய்க்கு டைனசோர் காலத்தில் ஒரு சொந்தக்காரன் இருந்தான். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரிச் சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தான். அவன் போய்ச் சேர, ஓடு சேற்றில் புதைந்து, சேறும் ஓடும் சேர்ந்து கல்லாகிவிட்டன. அந்தக் கல்லுக்குள்ளிருந்து ஓட்டை அலுங்காமல் வெளியே எடுப்பதற்கு ஊசி வேண்டும், பழைய பல் பிரஷ் வேண்டும், பூதக்கண்ணாடி வேண்டும், பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். முதல் நாலும் என் அயலவர் யோகலிங்கத்திடம் தாராளமாக இருக்கின்றன.

யோகலிங்கம் திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் கிறேன் ஓட்டியவர். யானைக் கனம் கனக்கிற இயந்திரங்களைக் கப்பலிலிருந்து தூக்கி, தரையில் சோக்கால் போட்ட கோட்டின்மேல் முட்டையை வைப்பது போல வைத்தவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்போது கீழே ஒருத்தன் நின்று கையை உயர்த்திக் காட்டுவான், காணும், நிப்பாட்டு என்று. இவரும் நிப்பாட்டுவார். ஓய்வு பெற்ற நாளில் மணிக்கூடும் மாலையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கைகாட்டுகிறவனைக் கூட அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவருடைய தொழிற்சாலை குசினிக்குப் பின்னால். பிளாஸ்ரிக் கதிரை ஒன்று, கல் உருளாமல் இருக்க மணல் நிரப்பிய பழைய சொக்ஸ் ஒன்று, பல் வைத்தியர் எறிய வைத்திருந்ததைக் கேட்டு வாங்கிய கொக்கி ஒன்று. இடியப்பச் சட்டியில் கல் ஊறும். இடியப்பம் கடையில் வாங்கப்படும். அச்சாறுக்கு விடுகிற வினாகிரி சேற்றைக் கரைக்கும், ஆனால் ஓட்டையும் கரைத்துவிடும் என்பதால், ஓட்டின்மேல் நெய்ல் பொலிஷ் பூசி மறைப்பு வைப்பார்கள். அதற்கு மகள் கீர்த்தனியின் சிவப்புப் போத்தில் போனது. சிநேகிதியின் கலியாணத்துக்கு அந்தப் பிள்ளை வெறும் நகத்தோடு போயிற்று. கல் மட்டும் மணப்பெண் கணக்காக வீட்டில் இருந்தது.

இவரோடு கதைத்தால் இரண்டு வசனங்களுக்கு மேல் கேட்க மாட்டீர்கள். ஒன்று, "இன்னும் கொஞ்சம்தான்." மற்றது, "இந்த ஓரம் மட்டும்." பிறகு போத்தில் மூடியால் அரை மூடி வினாகிரி. பிறகு இன்னும் அரை மூடி. அந்த ஓரத்துக்கு அடுத்த ஓரம் என்று ஒன்று இருக்கும்தானே? வட்டமான கல்லில் ஓரத்துக்குப் பஞ்சமா?

இவருடைய முதல் கல் என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். படம் இருக்கிறது. போனைத் தட்டிக் காட்டுவார். பத்தாம் நாள் எடுத்த படம், சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை எடுக்க ஏலாது. ஒவ்வொரு வரியும் தெரிய, முத்துச்சிப்பி நிறத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும்.

"எங்கே கல்?" என்று கேட்டேன்.

"அது வேலையில கிடக்கு" என்றார்.

நாலு மாதமாக வேலையில் கிடந்தது. வேலையில் கிடந்தது ஒரு நெருப்புப்பெட்டிக்குள் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளங்கை அகலமான கல் கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிட்டது. பாக்காவது மெல்லலாம்.

இந்தப் படத்தைப் பார்த்து ஏமாந்தவர்தான் கிண்ணியாவில் விஞ்ஞானம் படிப்பிக்கிற றஊப் மாஸ்டர். அவருடைய தம்பி கப்பலில் வேலை செய்கிறவர், மடகஸ்காரிலிருந்து இரண்டு கல் கொண்டுவந்து, ஒன்றைத் துறைமுகப் பழக்கத்தில் யோகலிங்கத்துக்கும் மற்றதைத் தமையனுக்கும் கொடுத்திருந்தார். மாஸ்டர் தன் கல்லைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தார்.

"ஐயா, திங்கக்கிழம வகுப்புல காட்டணும். பிள்ளைகள் புத்தகத்துல படம் மட்டும்தான் பாத்திரிக்காங்க. இது ஒண்டுதான் இரிக்கி, கவனம்."

"வெள்ளிக்கிழமையே முடிஞ்சிடும் மாஸ்டர்" என்றார் இவர்.

அது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்த முதல் படத்தை விட வடிவு. யோகலிங்கத்தின் மனைவி புஸ்பராணி சொன்னார்:

"இஞ்சருங்கோ, காணும். இனித் தொட வேண்டாம்."

"ஓம், வடிவாத்தான் இருக்கு" என்றார் யோகலிங்கம். கண்ணாடியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இஞ்ச பாரும், ரெண்டாவது சுத்துக்குப் பக்கத்தில கடுகளவு சேறு. இதை மட்டும்."

புஸ்பராணி என்னைப் பார்த்தார். முப்பது பிள்ளைகள் பார்க்கக் காத்திருக்கிற ஒரே கல், வீட்டில் இன்னொரு நெருப்புப்பெட்டியும் இருக்கிறது.

சனிக்கிழமை காலை மதிலுக்கு மேலால் புஸ்பராணியின் தலை தெரிந்தது.

"அண்ணை, வினாகிரிப் போத்திலை ஒளிச்சுப்போட்டன். இவர் புதுசு வாங்கக் கடைக்கு வெளிக்கிடுறார். ஒரு அரை மணித்தியாலம் மறிச்சு வைச்சிருங்கோ. நான் கல்லைக் கொண்டு கிண்ணியா பஸ்ஸில ஏறிடுவன்."

அவசரத்தில் மனிதனுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது? வாசலால் போனவரை மறித்து, "யோகலிங்கம், என்ர வாசல் படலை கொஞ்சம் நிலத்தில உரசுது போல கிடக்கு" என்று சொல்லிவிட்டேன். என் படலை உரசவில்லை. பன்னிரண்டு வருடமாக அது ஒரு குறையும் இல்லாத படலை. அவர் குனிந்து பார்த்தார், போய்ச் சீவுளியைக் கொண்டுவந்தார், "கொஞ்சம்தான்" என்றார். புஸ்பராணி சாப்பாட்டுப் பெட்டிக்குள் கல்லைத் துவாயில் சுற்றி வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனதை அவர் காணவே இல்லை. பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டி எவ்வளவோ நேரமான பிறகும் அவர் சீவிக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் படலைக்குக் கீழால் மான்குட்டி நுழைந்து என் கத்தரிக்கன்றைத் தின்கிறது. எங்கள் திருகோணமலைத் தெருக்களில் திரிகிற மானுக்கு மனுசப் பயம் கிடையாது, தெரியும்தானே.

கிண்ணியாவில் நடந்ததைப் புஸ்பராணி வந்து சொன்னார். கல்லை மாஸ்டரின் கையில் கொடுத்தாராம். அவருடைய மனைவி பரீதா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாராம். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு, கல்லை வெளிச்சத்துக்குத் திருப்பி, மாஷா அல்லாஹ் என்று சொல்லி, இன்னொரு தரம் திருப்பினாராம்.

"பரீதா, உங்கட முக்காட்டு ஊசிய ஒருக்காத் தாங்க. இந்த இடத்துல மட்டும் சின்னதா ஒரு சேறு."

இரண்டு பெண்களும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அவ்வளவுதான். பரீதா ஊசியைக் கொடுக்கவில்லை. கல்லை வாங்கி, துவாயில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, "திங்கக்கிழம காலைல தாறன்" என்றாராம்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யோகலிங்கம் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, "நான் அழிச்சுப்போடுவன் எண்டுதானே நினைச்சனீர்?" என்று கேட்டாராம்.

"ஓம்."

அவர் எழும்பிப் போய் நெருப்புப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்து மேசையில் வைத்தாராம். புஸ்பராணி அதைச் சொன்னபோது, இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்த எனக்குப் பாவமாகிவிட்டது. அவ்வளவு ஆசையோடு ஒருவர் ஒரு கல்லை இல்லாமலாக்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை வகுப்புக்கு மாஸ்டர் எங்களையும் அழைத்திருந்தார். பின்வரிசையில் யோகலிங்கம், நான், சுவரோரம் புஸ்பராணி. கல் கைமாறிக் கைமாறிப் போயிற்று. மின்னுகிற வரிகளை எல்லாரும் தடவினார்கள். முன்வரிசை வாங்கில் இருந்த றுஷ்தா என்ற பிள்ளை மட்டும் ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டது:

"ஸேர், இதென்ன ஊத்தை?"

மாஸ்டர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார், "அதுவா? அது ஊத்தையில்ல மகள். இந்தப் பிராணி செத்துக் கிடந்த கடல்ட சேறு. அந்தக் கடல்ல மிச்சம் இவ்வளவுதான்."

அதோடு மின்னுகிற ஓட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது பிள்ளைகளும் அந்தக் கடுகளவு கடலைத் தொட வரிசையில் நின்றார்கள். கல் கடைசியாகப் பின்வரிசைக்கு வந்து யோகலிங்கத்தின் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவருடைய வலக்கை தானாகவே சட்டைப் பையை நோக்கிப் போயிற்று. பைக்குள் பல் வைத்தியரின் கொக்கி.

சுவரோரம் நின்ற புஸ்பராணி கையை உயர்த்தி, விரித்துக் காட்டினார். முப்பது வருடப் பழக்கம் பாருங்கோ, மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருக்குக் கைகாட்ட ஆள் கிடைத்துவிட்டது. எனக்கு? படலையின் இடைவெளியை அடைக்க நேற்று ஒரு பலகை அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்ததால் பலகை அரிகிற வாளை எடுத்தேன். இப்போது இரண்டு மான்குட்டி வருகின்றன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இந்தப் புத்தகத்தைப் பிடித்திருக்கிற கையைப் பற்றி நான் கேட்கவில்லை. மற்றக் கை எங்கே? கதிரைக் கையில் உரிந்த பெயின்ரில் விரல்நகம் ஏதும் வேலை பார்க்கிறதா? பாதி வந்துவிட்டது, மிச்சமும் வந்துவிடும், இந்த ஓரம் மட்டும்தானே என்று தோன்றுகிறதா? செய்யுங்கள், செய்யுங்கள். நான் தடுக்கவில்லை. வெறும் நெருப்புப்பெட்டி ஒன்றை மட்டும் எறியாமல் எடுத்து வையுங்கள்.