வங்காள விரிகுடாவைக் கடித்துப் பார்த்தவர்

வங்காள விரிகுடாவைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? குளித்திருப்பீர்கள், கால் நனைத்திருப்பீர்கள், செல்ஃபி எடுத்திருப்பீர்கள். கடித்ததில்லை அல்லவா? அப்படியென்றால் சும்மா இருங்கள். இந்தியாவைச் சுற்றியிருக்கும் கடல் அத்தனையின் அடிமண்ணையும் முன்பல்லால் கடித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ரிக்கண்ணன்தான். மல்லசமுத்திரத்துக்காரர். கடலை நேரில் பார்த்ததே கிடையாது.

நான் சேலத்துப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மெரைன் ஜியாலஜி ஆராய்ச்சி மாணவி. சேலத்தில் ஏது கடல் என்று கேட்காதீர்கள். என் சொந்தக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தேய்த்துவிட்டார்கள். "பனமரத்துப்பட்டி ஏரியில படகு உட்டா பத்தாதா கண்ணு?" என்பார் பெரியப்பா. விஷயம் ரொம்ப எளிது. கப்பலில் போய், கடலடியில் நீளமான பிளாஸ்டிக் குழாயைக் குத்துவோம். கெட்டித் தயிரில் ஸ்ட்ரா குத்தினால் உள்ளே ஏறுமே, அப்படிச் சேறு ஏறும். அதை மீட்டர் மீட்டராக நறுக்கி, மூடி போட்டு, லாரி ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்து குளிர் அறையில் அடுக்குவோம். அடியில் இருப்பது பழைய மண், மேலே இருப்பது புது மண். கீழிருந்து மேலே படித்தால் கடலின் ஜாதகம்.

அந்தக் குளிர் அறைக்கு ராஜா ரிக்கண்ணன். லேப் டெக்னீஷியன் ஆவதற்கு முன்னால் இருபது வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். அதனால்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் மேலே வரும் மண்ணில் ஒரு துணுக்கை எடுத்து முன்பல்லில் கடிப்பாராம். கரகரப்பு என்றால் மணல், வழவழப்பு என்றால் களிமண். ரிக்கை விட்டார், பழக்கத்தை விடவில்லை.

"அந்தமான் பக்கத்து மண்ணு கொஞ்சம் கரகரப்புங்க. இது பாருங்க, ராசிபுரத்து நெய்யாட்டம் வழுக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பார்க்கிறவர்களுக்கே நாக்கு ஊறும். கேன்டீனில் சட்னியை வாயில் வைத்துவிட்டு, "மாஸ்டர், இது சட்னியில்லீங்க, நடுத்தர மணலு" என்று அறிவிப்பார். மாஸ்டர் கரண்டியோடு வெளியே வருவார். இருவரையும் பிரித்து விடுவதே எங்கள் டிபார்ட்மென்டின் காலை வேலை.

ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் எங்கள் கைடு சார் அவரைக் கூப்பிடுவார்.

"நா எதுக்குங்க சார் அங்க வரோணும்? அங்க தண்ணிதான இருக்குது. மண்ணு இங்கதான் வாருது."

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் மாட்டிக்கொண்டது என் ஐந்து வருஷ வாழ்க்கை.

நடந்தது இதுதான். என் தீசிஸ் முழுக்க ஒரே ஒரு குழாயை நம்பியிருந்தது. ஐந்து துண்டு. எது மேல் பக்கம் என்று தெரிய, ஒவ்வொன்றிலும் மார்க்கரில் அம்புக்குறி போட்டிருந்தோம். வழக்கமாக மேலே சிவப்பு மூடி, கீழே கறுப்பு மூடி போடுவார்கள். கப்பலில் சிவப்பு தீர்ந்துபோய் எல்லாவற்றுக்கும் கறுப்பே போட்டுவிட்டோம். சரி, அம்புக்குறி இருக்கிறதே என்று தைரியம்.

ஆராய்ச்சிக் கமிட்டி வரப்போகிறது, குழாயெல்லாம் பளபளவென்று இருக்கட்டும் என்று, சுத்தத்துக்கே பிறந்தவள் மாதிரி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பளபளவென்றுதான் இருந்தது. ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கர் தப்பித்தது. அம்புக்குறி ஒன்றுகூட இல்லை.

ஒரு துண்டு தலைகீழானாலும் போச்சு. தாத்தாவுக்கு முன்னால் பேரன் பிறந்துவிடுவான். கமிட்டி கைகொட்டிச் சிரிக்கும். மறுபடி கப்பல் ஏற இன்னும் எத்தனை வருஷமோ. குழாய்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சாம்பல் நிறம். நான் அழ ஆரம்பித்தேன்.

"ஏன் அம்மிணி, யாரு செத்துட்டாங்க?" என்று ரிக்கண்ணன் வந்தார். சொன்னேன்.

"இதுக்கா? அக்கட்டால தள்ளு. கலங்குன தண்ணி தெளியறப்போ கனமானது மொதல்ல குந்துமா, லேசானது மொதல்ல குந்துமா?"

"கனமானது."

"அப்புறமென்ன? ஒவ்வொரு அடுக்குலயும் கரகரப்பு அடியில, வழவழப்பு மேல. கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, என்ற பல்லுக்குத் தெரியும்."

தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தரம், தீக்குச்சி மருந்தளவு சேறு. கடிப்பார், யோசிப்பார், துப்புவார், கொப்பளிப்பார். முதல் துண்டு: "இந்தப் பக்கம் மேல." இரண்டாவது: "திருப்பி வை." நாலும் ஐந்தும் முடிந்தன. மூன்றாவதில் மட்டும் மூன்று தரம் கடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது எல்லாம் ஒரே களி. தெரியிலீங்க."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணா, ப்ளீஸ்."

"பொய் சொல்றதுக்கு எதுக்கு அம்மிணி மண்ணத் திங்கோணும்?"

கைடு சாருக்கு ரிக்கண்ணன் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் தீசிஸில் "பல்லால் கண்டறியப்பட்டது" என்று எழுத முடியாதே. குழாய்க்குள் இருக்கும் அடுக்குகளை ஸ்கேன் காட்டிவிடும் என்றார். ஆகவே ஐந்து துண்டையும் காயாமல் ஈரப் போர்வையில் சுற்றி, சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு நானும் ரிக்கண்ணனும் கொண்டுபோனோம். சார் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட்டார். டாக்டர் ரிசப்ஷனில் சொல்ல மறந்துவிட்டார்.

"பேஷண்ட் எங்கீங்க?" என்றது ரிசப்ஷன் பெண்.

ரிக்கண்ணன் போர்வையைக் காட்டினார். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க சாமி, சேறுதானுங்க."

கம்ப்யூட்டர் படிவம் கேட்பதை அந்தப் பெண்ணும் விடாமல் கேட்டது. "வயசு?"

"ஒரு முனை நேத்துப் பொறந்த புள்ளைங்க. இன்னொரு முனைக்குப் பல்லாயிரம் வருஷம் ஆச்சுங்க. எந்த முனை எதுன்னு பாக்கத்தான் வந்திருக்கோம்."

"உடம்புல மெட்டல் ஏதாச்சும் வெச்சிருக்குதுங்களா?"

"கொஞ்சம் இரும்புச்சத்து இருக்குமுங்க."

ஸ்கேன் அறைக்குள் நான் வேண்டாத சாமியில்லை. ரிக்கண்ணன் மட்டும் வெளியே பெஞ்சில் நிம்மதியாகத் தூங்கினார். திரையில் அடுக்கு அடுக்காக வெள்ளைக் கோடுகள் வந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு பக்கம் பளிச்சென்று ஆரம்பித்து மறுபக்கம் மங்கியது. பளிச்சென்று இருப்பது கனமான மணல், அதுதான் அடி. ஒன்று, சரி. இரண்டு, சரி. நான்கு, ஐந்து, சரி. மூன்றாவது துண்டில் கோடே இல்லை. அவருக்குத் தெரியாதது மிஷினுக்கும் தெரியவில்லை.

ஓடிப்போய் எழுப்பிச் சொன்னேன். "அதுக்குள்ள பாத்துட்டாங்களா?" என்று சோம்பல் முறித்துவிட்டு, "மூணாவத என்ன பண்ணுவே?" என்று அதை மட்டும்தான் கேட்டார்.

மூன்றாவதை விட்டுவிட்டு நாலு துண்டோடு தீசிஸ் எழுதினேன். நடுவில் ஏன் ஒரு மீட்டர் ஓட்டை என்று கமிட்டி கேட்டது. ஸ்பிரிட், துணி, நான் என்று உள்ளதைச் சொன்னேன். நன்றாகத் திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

இதெல்லாம் போன மாதம். நேற்று நான் ட்ரீட் வைத்தேன். மொறுமொறுவென்ற முதல் தட்டுவடை செட்டின் முதல் கடியில் ரிக்கண்ணனின் முன்பல் ஆடிவிட்டது. எடுத்துவிட்டு வேறு பல் கட்ட வேண்டும் என்று பல் டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். ரிக்கில் இருபது வருஷம் எதற்கும் அசராத மனிதர், காலையிலிருந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்:

"கட்டுன பல்லுல கரகரப்புத் தெரியுமா அம்மிணி?"

டாக்டரிடம் கேட்க அவருக்குக் கூச்சம். நான் கேட்கிறேன் என்று சொல்லிக் கூட வந்திருக்கிறேன். எங்கள் டோக்கன் பதினொன்று. இப்போது உள்ளே ஒன்பது.